கேள்விக் கூடமும் மேக்னாவின் முழங்காலும்

மின்சாரம் போனபோது ஜெயப்ரியா முதலிடத்தில் இருந்தாள்.

கல்கத்தாவில், டாக்குரியா ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில், ஜெயந்த்தின் சைபர் கஃபேயில், அத்தனை திரைகளும் ஒரே நொடியில் கறுத்தன. மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது. பக்கத்து இருக்கைகளிலிருந்து "ஜாஹ்!" என்று ஒருமித்த ஓலம் எழுந்தது. ஜெயப்ரியா ஓலமிடவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கடை உண்டு, அங்கே ஜெனரேட்டர் ஓடும் என்று அவளுக்குத் தெரியும். மீன் கூடைகளைத் தாண்டி, "தேக்கே, தேக்கே!" (பார்த்து, பார்த்து!) என்று கத்திய ரிக்‌ஷாக்காரரைச் சுற்றிக்கொண்டு, மேம்பாலப் படிகளைத் தாவித் தாவி ஏறி இறங்கி, அந்தக் கடையில் காலியாயிருந்த ஒரே நாற்காலியில் போய் விழுந்தாள். கடவுச்சொல்லைத் தட்டினாள். ஆட்டம் இன்னும் முடியவில்லை. கடைசிக் கேள்வி அப்போதுதான் திரையில் விழுந்தது: மனித உடலிலேயே நீளமான தசை எது?

சார்டோரியஸ். உலகத்தில் வேறு யாரும் தட்டி முடிப்பதற்குள் அவள் தட்டிவிட்டாள். 'டாக்குரியா எக்ஸ்பிரஸ் வென்றது' என்று அவளுடைய ஆட்டப் பெயரோடு ஆங்கிலத்தில் எழுத்துகள் மின்னின. அவள் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தாள். முன்பின் தெரியாத நாலு பேர் கை தட்டினார்கள்.

அதே நேரத்தில் அவளுடைய கல்லூரியில், தொடைத் தசைகளைப் பற்றித்தான் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

இது 2003இல் நடந்தது. ஜெயப்ரியா பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு மாணவி. அப்பா கோவிந்தராஜன் மத்திய அரசின் உப்பு இலாகாவில் அதிகாரி. தூத்துக்குடியிலிருந்து அவருக்கு மாற்றல் வந்தபோது அவள் எட்டாம் வகுப்பு. கல்கத்தா பள்ளியில் முதல் வாரமே தாகம் எடுத்துத் தண்ணீர் கேட்டாள். 'ஜொல்' என்று உருட்டிச் சொல்லவேண்டியதை 'ஜல்' என்று சொன்னாள். வகுப்பே சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் வங்காளத்தில் ஆமாம், இல்லை, சரி என்பதற்கு மேல் பேசுவதில்லை என்று ஆக்கிக்கொண்டாள். வீட்டில் தூத்துக்குடித் தமிழ் வாய் ஓயாது பேசுகிறவள், வாசலைத் தாண்டியதும் ஊமையாகிவிடுவாள்.

இன்டர்நெட்டில் உச்சரிப்பு கிடையாது. அதுதான் அவளைப் பிடித்துப்போட்டது.

இமெயில் பார்க்கத்தான் முதலில் போனாள். ஒருநாள் தற்செயலாக ஒரு வினாடிவினா அறைக்குள் நுழைந்துவிட்டாள். கேள்விக் கூடம் என்று அதற்கு அவளே ஒரு பெயர் வைத்தாள். அங்கே ஒரு இயந்திரம் ஓயாமல் கேள்வி கேட்கும். யார் முதலில் சரியான விடையைத் தட்டுகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர், போலந்தில் ஒரு நூலகப் பெண், இன்னும் எங்கெங்கோ இருப்பவர்கள். எல்லாருக்கும் அவள் டாக்குரியா எக்ஸ்பிரஸ். "எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது, ஒதுங்குங்கள்!" என்று அவள் நுழையும்போதே எழுதுவார்கள். அதைப் படிக்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். தூத்துக்குடியை விட்டு வந்தபிறகு அவள் வந்ததற்காக யாரும் அப்படி ஆர்ப்பரித்ததில்லை.

அவள் மட்டும்தான் என்றில்லை. அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கிறுக்கு இருந்தது. பையன்கள் சேர்ந்து உட்கார்ந்து திரையில் சுட்டுக்கொண்டார்கள். நெருங்கிய தோழி அனன்யா, முகம் தெரியாத ஒருவனோடு சாட் செய்வதற்காகப் பகல் சாப்பாட்டையே விட்டாள். நோயாளிகளுக்கு நேராக உட்காருங்கள், கழுத்தை வளைக்காதீர்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லப் படிக்கிற பிள்ளைகள், கூன் விழுந்து, கண் சிவந்து, கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"லைப்ரரிக்குப் போறேம்மா" என்பாள் ஜெயப்ரியா.

"ஏட்டி, லைப்ரரி லைப்ரரின்னு போறியே, ஒரு புஸ்தகத்தக் கையில கண்டதில்லையே" என்பாள் அம்மா தமயந்தி.

"அங்கனயே வாசிச்சிட்டு வச்சிருவேம்மா."

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். அங்கே அவள் பொறுப்பில் வந்தவள் மேக்னா.

மேக்னாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். கஸ்பா பக்கத்தில் ஒரு பாடா கிளப்பின், அதாவது பேட்டைக் கிளப்பின், பெண்கள் கால்பந்து அணியில் வலது ஓரத்தில் ஆடுகிறவள். கோல் கம்பத்தில் மோதி முழங்கால் சில்லு உடைந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. கால்தான் மடங்கவில்லை. மாவுக்கட்டிலிருந்து வெளிவந்த முழங்கால், துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிக் கிடந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கவேண்டும். வலி உயிர் போகும். மேக்னா தொட்டாலே கையைத் தட்டிவிட்டாள். இரண்டு மாணவர்கள் முயன்று பார்த்துவிட்டு ஓடியிருந்தார்கள்.

முதல் நாள் ஜெயப்ரியா அவள் காலைப் பிடித்துக்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்தாள். பழக்க தோஷத்தில் வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

"முதல் உலகக் கோப்பை கால்பந்து எந்த நாட்டுல நடந்தது?"

மேக்னா வெடுக்கென்று நிமிர்ந்தாள். "என்னது?"

"சொல்லு, சீக்கிரம். நேரம் ஓடுது."

"உருகுவே!"

"சரி. ஜெயிச்சது யாரு?"

"உருகுவேதான்! இது ஒரு கேள்வியா?"

"எதிர்த்து ஆடினது?"

மேக்னா புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். அந்த இடைவெளியில் முழங்கால் ஒரு விரல்கடை மடங்கியது. அவள் கவனிக்கவே இல்லை. "அர்ஜென்டினா!" என்று கத்தியபிறகுதான் காலைப் பார்த்தாள். பார்த்ததும் "ஓ மா!" என்று அலறினாள். வலியில் பாதி, வியப்பில் பாதி.

அன்றிலிருந்து பயிற்சி அறையின் அந்த மூலைக் கட்டில் ஒரு மைதானமாகிவிட்டது. கேள்வி, பதில், கேள்வி, பதில். சிரிப்பும் கூச்சலும் நடுநடுவே ஒரு கதறலும். மற்ற நோயாளிகள்கூட விடை சொல்ல ஆரம்பித்தார்கள். பயிற்சியைக் கவனித்துக்கொண்ட அமலா மேடம் எட்டிப் பார்த்து, "இங்க என்ன மீன் மார்க்கெட்டா?" என்று அதட்டுவார். பிறகு கோணமானியை வைத்து முழங்காலை அளந்துவிட்டுப் போய்விடுவார். முழங்கால் மடங்கிக்கொண்டே வந்தது. துர்கா பூஜைக்கு முன்னால் நடக்கும் போட்டியில் கொஞ்ச நேரமாவது களமிறங்கிவிடலாம் என்று மேக்னா கணக்குப் போட்டாள். அந்தக் கட்டிலருகே ஜெயப்ரியா வங்காளத்தில் முழு வாக்கியங்கள் பேசினாள். தான் பேசுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது கேள்விக் கூடத்தில் பெரிய போட்டி அறிவித்தார்கள். அணிப் போட்டி. போலந்துப் பெண்ணும் ஆட்டுப் பண்ணைக்காரரும் ஜெயப்ரியாவும் ஒரே அணி. இறுதிச் சுற்று வரை ஏறிவிட்டார்கள். நாளும் நேரமும் வந்தது. மேக்னாவுக்குப் பயிற்சி கொடுக்கும் அதே பிற்பகல்.

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அனன்யாவிடம் ஒப்படைத்திருக்கலாம். ஜெயப்ரியா ஒன்றும் செய்யவில்லை. சீக்கிரம் முடிந்துவிடும், கொஞ்சம் தாமதமாகப் போய்க்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜெயந்த்தின் கடையில் போய் உட்கார்ந்தாள்.

அப்படி ஒரு ஆட்டத்தை அவள் அதற்கு முன் ஆடியதில்லை. ஆரம்பத்தில் பின்தங்கி, நடுவில் சமமாகி, கடைசியில் மூச்சுத் திணறத் திணற முந்தினார்கள். கடையிலிருந்தவர்கள் தங்கள் திரைகளை விட்டுவிட்டு அவள் பின்னால் கூடி நின்றார்கள். ஜெயந்த் டீயைக் கையில் வைத்தபடி குடிக்க மறந்து நின்றான். வெற்றி என்று திரை சொன்னபோது கடை அதிர்ந்தது. ஜெயப்ரியா சிரித்தாள், அழுதாள், எல்லாரிடமும் கை குலுக்கினாள். பிறகுதான் மணியைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மேக்னா கட்டிலில் இல்லை. நடைக்கூடத்து பெஞ்சில், முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அவள் காத்துக் காத்துப் பார்த்திருக்கிறாள். பொறுமை போய், யாரிடமும் சொல்லாமல் மாடிப்படியில் தானே ஏறி இறங்கிப் பயிற்சி செய்திருக்கிறாள். மடங்கக்கூடிய அளவுக்கு மேல் மடக்கிப் பார்த்து, கால் இடறி, மொத்த எடையும் அந்த முழங்காலில் விழுந்திருக்கிறது. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் டாக்டர் பயிற்சியையே நிறுத்திவைத்துவிட்டார். பூஜைப் போட்டி போயிற்று.

"கொத்தாய் சிலி?" என்று மட்டும் கேட்டாள் மேக்னா. எங்கே இருந்தாய்?

"ட்ரெயின்... ட்ரெயின் லேட்" என்றாள் ஜெயப்ரியா.

மேக்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி பயிற்சி தொடங்கியபோது, வேறு மாணவரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று அனன்யா வந்து சொன்னாள்.

ஜெயப்ரியா கேள்விக் கூடத்துக்குப் போவதை அன்றோடு நிறுத்திவிடுவது என்று சபதம் எடுத்தாள். சபதம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஜெயந்த்தின் கடை வழியாகப் போகாமலிருக்கச் சுற்றுவழியில் நடந்தாள். அந்தச் சுற்றுவழியிலும் ஒரு கடை இருந்தது. பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது விரல்கள் தொடையின்மேல் தானாகத் தட்டின. பவானிபூருக்குப் பாடப் புத்தகம் வாங்கப் போனவள், புத்தகம் வாங்காமல், மெட்ரோ வாசலருகே ஏதோ ஒரு கடையிலிருந்து சாயங்காலம் வெளியே வந்தாள். எப்படி உள்ளே போனோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நேராக வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். லைப்ரரிப் பொய்யிலிருந்து முழங்கால் வீக்கம் வரை.

தமயந்தி திட்டவில்லை. அவளுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

"பயலுவ யாராவது இருக்கானா அதுக்குள்ள?"

"இல்லம்மா. கேள்விதான் இருக்கு."

"கேள்வியா? பரீட்ச மாதிரியா? பரீட்சைக்கா நீ இந்த ஓட்டம் ஓடுத?" தமயந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "வாட்டி, அந்தக் கண்றாவிய நானும் ஒரு தடவ பாத்துட்டு வாரேன்."

சனிக்கிழமை அம்மாவும் மகளும் ஜெயந்த்தின் கடைக்குப் போனார்கள். "வாங்க மாஷிமா!" என்று ஜெயந்த் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். தமயந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திருட்டைக் கண்டுபிடிக்க வந்த போலீஸ் மாதிரி திரையை முறைத்தாள். ஜெயப்ரியா ஆங்கிலக் கேள்விகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். தமயந்தி உம் கொட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு கேள்வி வந்தது.

"நீச்சல் தெரியாதவங்ககூட மூழ்காம மிதக்குற கடல் எதும்மா?"

"சாக்கடலுட்டி!" தமயந்தி ஸ்டூலை விட்டு எழுந்தே விட்டாள். உப்பு இலாகாக்காரரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்ட கதை அது. "போடு, போடு! எவனாவது போட்டுரப் போறான்!"

ஜெயப்ரியா தட்டினாள். முதல் விடை. "எக்ஸ்பிரஸ் திரும்பி வந்துவிட்டது!" என்று நியூசிலாந்திலிருந்து ஆட்டுப் பண்ணைக்காரர் எழுதினார்.

"யாருட்டி அது? என்ன சொல்லுதாரு?"

"பாராட்டுதாரும்மா."

"என்னையா?" தமயந்தியின் முகம் சிவந்துபோயிற்று. "சரி, இன்னும் ஒண்ணு வரட்டும்."

இன்னும் ஒன்று வந்தது. அதற்குப் பிறகும் ஒன்று. பூக்கள், ராஜாக்கள், ஊறுகாய், ஒட்டகம். தெரியாத கேள்விக்கு "சே!" என்று தொடையில் அடித்துக்கொண்டாள். தெரிந்ததற்கு மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஜெயப்ரியாதான் கடைசியில், "எம்மா, போதும்மா, வீட்டுக்குப் போவோம்" என்று இழுக்கவேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. மாலையில் தண்ணீர் வரும் நேரம் வந்து, போயேவிட்டது. குடங்கள் காலி. கோவிந்தராஜன் வெறும் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கல்கத்தாவுக்கு வந்த நாளிலிருந்து காய்ச்சலில் கிடந்தபோதுகூட தமயந்தி தண்ணீர் நேரத்தைத் தவறவிட்டதில்லை.

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஆத்தாடி" என்றாள். "ஒரு நாளைக்கே எனக்கு இப்படின்னா, ஒனக்கு எப்படி இருந்திருக்கும்டி." பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயப்ரியாவும் சிரித்தாள். என்ன சங்கதி என்று தெரியாமல் கோவிந்தராஜனும் சிரித்துவைத்தார். அன்று பக்கத்து வீட்டு காக்கிமாவிடம் தண்ணீர் வாங்கித்தான் சமையல் நடந்தது.

அன்றைக்கு அம்மாவும் மகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சனிக்கிழமை மட்டும். இரண்டு பேரும் சேர்ந்து. தண்ணீர் வருவதற்குள் வீடு. மற்ற நாளில் கை அரித்தால் வந்து சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது. "எனக்கு அரிச்சாலும் நான் சொல்லுவேன்" என்றாள் தமயந்தி. சொல்லவும் செய்தாள். ஒரு புதன்கிழமை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "ஏட்டி, ஒட்டகக் கேள்விக்கு வெட சொல்லலியே, அது மனசுலயே கெடக்கு" என்றாள்.

அந்த முதல் சனிக்கிழமைக்கு அடுத்த திங்களன்று ஜெயப்ரியா ஆஸ்பத்திரிக்குப் போய் மேக்னாவின் கட்டிலருகே நின்றாள். மேக்னா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ட்ரெயின் லேட் ஆகல" என்றாள் ஜெயப்ரியா. வங்காளத்தில்தான் சொன்னாள். எழுத்துகள் வாயில் அங்குமிங்கும் புரண்டன, ஆனால் நிறுத்தவில்லை. "நான் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தேன். ஒரு போட்டி. நீ காத்திருப்பேன்னு தெரியும். தெரிஞ்சும் எழுந்து வரல. உன் கால் வீங்கினது என்னாலதான்."

ஜெயப்ரியா திரும்பிப் போக ஓரடி எடுத்துவைத்தாள்.

"ஜெயிச்சியா?" என்று சுவரிடமிருந்து குரல் வந்தது.

"ஜெயிச்சோம்."

மேக்னா புரண்டு படுத்து அவளை முறைத்தாள். "நல்லவேளை. என்னை உட்கார வச்சுட்டுப் போய்த் தோத்துட்டு வந்திருந்தா, உன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்." காலை நீட்டினாள். "பிடி. அந்தப் பையன் ஐஸ்கட்டி மாதிரி பேசாம மடக்குறான். தாங்க முடியல. கேள்வி கேளு."

அதன்பிறகு நடந்ததெல்லாம் உழைப்பு. வீக்கம் வடிந்தது, தசை தேறியது. டாக்குரியா ஏரிக்கரையில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு பந்து. ஜெயப்ரியா ஒரே ஒருமுறை தவறினாள். காளி பூஜை சமயம், பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே, கரியாஹாட்டில் ஒரு கடைக்குள் போய்விட்டாள். அன்றே அம்மாவிடம் சொன்னாள். மறுநாள் மேக்னாவிடமும் சொன்னாள். மேக்னா தண்டனையாக அவளை ஏரியைச் சுற்றித் தன்னோடு ஓடவைத்தாள். பாதி ஏரியிலேயே ஜெயப்ரியாவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

குளிர்காலத்தில் பாடா கிளப்புகளின் போட்டி வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் பேட்டையே கூடி நின்றது. தமயந்தி குரங்குக் குல்லாயும் சால்வையுமாக முன்வரிசையில் உட்கார்ந்து அனன்யாவோடு முறி என்கிற பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தாள். ஜெயப்ரியா ஐஸ் பையோடு மேக்னாவின் அணி பெஞ்சில். இரண்டாம் பாதி பாதியாகும் வரை இரு பக்கமும் கோல் இல்லை. பயிற்சியாளர் மேக்னாவைப் பார்த்துக் கையசைத்தார்.

மேக்னா வலது ஓரத்தில் இறங்கினாள். முதல் பந்தைத் தவறவிட்டாள். இரண்டாவதை வாங்கிப் பின்னால் தள்ளினாள். மூன்றாவது பந்து காலில் ஒட்டிக்கொண்டது. ஓடினாள். எதிரணித் தடுப்பாட்டக்காரி குறுக்கே சறுக்கி வந்தாள். இருவரும் புழுதியில் உருண்டார்கள்.

கூட்டம் அடங்கியது. நடுவர் விசில் ஊதவில்லை, கையும் அசைக்கவில்லை. அதையெல்லாம் பார்க்க ஜெயப்ரியா அங்கே இல்லை. ஐஸ் பையோடு மைதானத்தின் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள்.

மேக்னா எழுந்து நின்று காலை உதறினாள். முழங்காலை மடக்கினாள், நீட்டினாள். பிறகு தன்னை நோக்கி ஓடிவருகிறவளைப் பார்த்தாள். "ஏய், வெளிய போ! ஆட்டம் நடக்குது!"

கயிற்றுக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. நடுவர் ஜெயப்ரியாவைப் பார்த்து விரலை ஆட்டினார். அவள் திரும்பி ஓடும்போது பந்து மறுபடி வலது ஓரத்துக்கு வந்தது. மேக்னா இந்தமுறை யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. கோட்டை ஒட்டிப் பறந்து, கடைசி நொடியில், உடைந்து சேர்ந்த அந்தக் காலாலேயே பந்தை உயர்த்தி நடுவே அனுப்பினாள். ஓர் உயரமான பெண் துள்ளித் தலையால் முட்டினாள். வலை குலுங்கியது.

"அடிச்சிட்டாடீ!" என்று தமயந்தி எழுந்து நின்று கூவினாள். முறி காற்றில் பறந்தது. அவள் கத்தியது அங்கே யாருக்கும் புரியவில்லை. புரியாதவர்களும் சேர்ந்து கத்தினார்கள். ஜெயப்ரியா பக்கத்தில் நின்ற பயிற்சியாளரைக் கட்டிக்கொண்டு, தமிழிலும் வங்காளத்திலும் மாறி மாறி என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் போட்டியில் அவர்கள் கோப்பை வாங்கவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே தோற்றார்கள். ஜெயப்ரியா கடைசி ஆண்டை நல்லபடியாக முடித்தாள். ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதவேண்டியிருந்தது. கேள்விக் கூடம் இரண்டு மூன்று வருஷத்தில் மூடப்பட்டது. போலந்துப் பெண்ணோடு மட்டும் இன்றும் கடிதப் போக்குவரத்து உண்டு. இப்போது ஜெயப்ரியா பெண்கள் கால்பந்து அணி ஒன்றோடு ஊர் ஊராகப் போய்வருகிறாள். வாரத்தில் மூன்று நாள் நியூ டவுனில் ஒரு சிகிச்சை நிலையத்தில் இருக்கிறாள். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் இளம் கம்ப்யூட்டர்காரர்கள். கழுத்து வலி, மணிக்கட்டு வலி. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் திரை முன்னால் இருப்பீர்கள் என்று கேட்டால், "ஆபீஸ் வேலை மட்டும்தான் மேடம்" என்று கண்ணைப் பார்க்காமல் சொல்வார்கள்.

ஜெயப்ரியா அவர்களை மடக்குவதில்லை. மணிக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, ஒரு கேள்வி" என்று ஆரம்பிப்பாள்.